இயற்கையின் தலையிற் சுமத்தப்படும் பழி: மலையகத்தின் வாழிடமும் உடல்நலமும்

மலைநாட்டில் மண் சரிந்து மனிதர் புதையுறும்போதெல்லாம் ஒரு சொற்றொடர் தவறாது வெளிவருகின்றது. 'இயற்கை அனர்த்தம்' என்பதே அது. அமைச்சர்கள் அதனைக் கூறுகின்றனர். பத்திரிகைகள் அதனை அச்சிடுகின்றன. அனுதாபக் கூட்டங்களிலே கற்றோரும் அதனையே வழிமொழிகின்றனர். மழை இயற்கைதான். மலையும் இயற்கைதான். நீரூறிய மண் கீழ்நோக்கி இறங்குதலும் இயற்கை விதியே. ஆயின், அம்மலையின் எந்தச் சரிவில் எவர் படுத்துறங்குவர் என்பதை மழை தீர்மானிப்பதில்லை. அதனைத் தீர்மானித்தோர் இருந்தனர். அவர்கள் தமது தீர்மானத்தைக் கணக்கேடுகளிலும் நில அளவைப் படங்களிலும் சட்டப் புத்தகங்களிலும் எழுதியே வைத்துச் சென்றனர். அவ்வெழுத்தைப் படியாது விட்டு, வானத்தை அண்ணாந்து பார்த்துப் பழி கூறுவது வசதியானதொரு பழக்கமாகிவிட்டது.

மண்சரிவு ஒருநாட் செய்தி. அதற்கு அடுத்த நாள் முதல் அடுத்த சரிவு நிகழும்வரை அதே சரிவுகளிலே நாளாந்தம் நடைபெறுவது செய்தியாவதில்லை. குறைந்த நிறையுடன் பிறக்கும் குழந்தை, ஐந்து வயதாகியும் மூன்று வயதுக்குரிய உயரத்துடன் நிற்கும் சிறுவன், அடுப்புப் புகை நிறைந்த அறையில் இருமிக் கொண்டிருக்கும் முதியவள் ஆகியோரைப் பற்றி எவரும் 'அனர்த்தம்' என்று கூறுவதில்லை. அவர்களைப் பற்றிப் பேசப்படும் போது வேறொரு சொல் கையாளப்படுகின்றது: 'பழக்கவழக்கம்.' சாவுக்குக் காரணம் இயற்கை, நோய்க்குக் காரணம் அவர்களது பழக்கவழக்கம் என்று இரண்டு விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கும் ஒரு சமுதாயம், மூன்றாவது விடையொன்று இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்க விரும்பாததில் வியப்பில்லை.

இலங்கையின் சுகாதாரச் சாதனை உலகறிந்தது. வருமானம் குறைந்த நாடொன்று இலவச வைத்தியத்தினாலும் கல்வியினாலும் சிசு மரணத்தையும் தாய் மரணத்தையும் குறைத்துக் காட்டியமை வளர்முக நாடுகளுக்கெல்லாம் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது. அப்பெருமை பொய்யன்று. ஆனால், அது ஒரு சராசரியின் பெருமை. சராசரி என்பது பெரும்பான்மையினரின் நலத்தைக் காட்டிச் சிறுபான்மையினரின் நலிவை மறைக்க வல்லது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி தோட்டத்துறையில் வாழ்வோர் நாட்டின் மொத்தச் சனத்தொகையில் நூற்றுக்கு 4 பேர் அளவினரே. நூற்றுக்கு நால்வர் எவ்வளவு நலிந்தாலும் நூற்றின் சராசரி பெரிதும் அசையாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 17 வீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். ஒரே நாடு, ஒரே சுகாதார அமைச்சு, ஒரே இலவச வைத்தியம். ஆயினும் தோட்டத்திலே மூன்று குழந்தைகளுள் ஒன்று வளர்ச்சி குன்றி நிற்கின்றது.

இங்கே பழக்கவழக்கவாதிகள் எழுந்து நிற்பர். குடிப்பழக்கம், கல்வியின்மை, துப்புரவின்மை, உணவைத் தெரிந்து உண்ணத் தெரியாமை என்று அவர்களது பட்டியல் நீளும். மதுவினால் தோட்டக் குடும்பங்கள் அழிவதை மறுப்பவர் எவருமிலர். ஆனால், வளர்ச்சி குன்றுதல் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை மருத்துவம் அறிந்திருக்கின்றது. அவ்வறிவு இவ்வாதத்துக்குத் துணைநிற்பதாயில்லை. தாய் தானே குன்றி வளர்ந்தவள், கருவுற்ற நிலையிலும் செங்குத்தான சரிவிலே கொழுந்துக் கூடையுடன் ஏறி இறங்குபவள், குருதிச்சோகை உடையவள். பிள்ளை நிறை குறைந்து பிறக்கின்றது. பின்னர் அது குடிக்கும் நீர் பீலியிலிருந்து வருகின்றது. மலையிலே ஊறும் நீரைக் குழாய் வழியாகவோ மூங்கில் வழியாகவோ லயத்துக்குக் கொண்டுவந்து விடுவதே பீலி. அந்த ஊற்றுக்கு மேலே வேறொரு லயம் இருக்கலாம். அந்த லயத்தின் மலசலகூடக் குழி இருக்கலாம். களைகொல்லி தெளிக்கப்பட்ட தேயிலை மலை இருக்கலாம். மலக்கிருமி கலந்த நீரை மீண்டும் மீண்டும் பருகும் குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்து வந்து போகின்றது. வயிற்றோட்டம் இல்லாத நாட்களிலும் அதன் குடலின் உட்சுவர் பழுதுற்றே இருக்கின்றது. உண்ட சிறிதளவு உணவும் உடம்பில் ஒட்டாது போகின்றது. இத்தகைய குழந்தைக்கு முட்டையும் கீரையும் கொடுக்குமாறு அதன் தாய்க்கு அறிவுரை கூறுவது எளிது. நீரூற்றுக்கு மேலே குடியிருப்பும் குழியும் இருக்கும்படி அமைத்தவன் யாரென்று கேட்பதே கடினம்.

அமைத்தவனைத் தேடிச் சென்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குச் செல்ல நேரும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உறுதி காட்டவியலாத நிலங்களை முடிக்குரியனவாக்கிற்று. கண்டிச் சிங்களக் குடியானவன் தன் காட்டையும் சேனையையும் இழந்தான். தோட்டத் துரை மலையைப் பெற்றான். காடு அழிக்கப்பட்டுக் கோப்பி வந்தது. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கவே, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் நட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. மலையுச்சிக் காடுகளை அழித்தலின் விளைவை அக்காலத்தவர் அறியாதிருந்தனர் என்று கூறுவதற்கில்லை. தாவரவியலாளர் ஹூக்கர் 1873இலேயே 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விட்டுவைக்குமாறு எடுத்துக் கூறினார். அதற்குள் அவ்வுயரத்துக்குக் கீழே பெரும்பகுதி மொட்டையாகி விட்டிருந்தது. மலையை மொட்டையாக்கும் திட்டத்தை வகுத்தவனும் அதனால் இலாபம் பெற்றவனும் ஒருவன்; கோடரி பிடித்தவன் வேறொருவன். இன்று சூழலியல் பேசுவோர் சிலர் கோடரி பிடித்தவனின் பேரப்பிள்ளையை நோக்கி, "உன்னால்தான் மலை கெட்டது" என்று கூறுவது வரலாற்றின் குரூரமான நகைச்சுவைகளுள் ஒன்று.

அத்தொழிலாளர் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்து வந்தனர். வழியிலே கொள்ளைநோயாலும் பசியாலும் மடிந்தோர் எத்தனை ஆயிரம் என்பது இன்றுவரை விவாதத்துக்குரிய கணக்கு. 2023ஆம் ஆண்டில் 'மலையகம் 200' என்ற நினைவுகூரலின்போது தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவ்வழியே மீண்டும் நடந்தனர். வந்தவர்களுக்குக் கிடைத்த இருப்பிடமே லயம். ஒன்றோடொன்று ஒட்டிய, சில இடங்களில் முதுகோடு முதுகு பொருந்திய பத்துக்குப் பன்னிரண்டடி அறைகள், முன்னே ஒரு சிறிய இஸ்தோப்பு, கூரைக்குத் தகரம். சமைப்பதும் உறங்குவதும் பிள்ளை பெறுவதும் நோயாளியைக் கிடத்துவதும் அதற்குள்ளேதான். ஆள் திரட்டிப் பெரட்டுக் களத்துக்கு அனுப்புவதற்கு வசதியான கொட்டகையாக அது கட்டப்பட்டதேயன்றி, குடும்பம் வாழ்வதற்கான வீடாகக் கருதப்பட்டதில்லை. இட அமைப்பும் அவ்வாறே. தேயிலைக்கு உதவும் நிலத்தை மனிதருக்குக் கொடுப்பது நட்டம். ஆகவே, தேயிலைக்கு உதவாத மடுவிலும் ஓடைக்கரையிலும் பாறையடியிலும் சரிவிலும் லயங்கள் எழுந்தன. துரையின் பங்களா எந்த மேட்டில் நிற்கின்றது, லயம் எந்த மடுவில் நிற்கின்றது என்பதை ஒரு தோட்டத்துக்குச் சென்று பார்ப்பவர் அறிவர். சமூகப் படிநிலையை இத்துணை நேர்மையாக நிலத்தின் மேல் வரைந்து காட்டும் படம் வேறெங்குமில்லை.

நோயைப் பழக்கவழக்கத்தின் மேல் ஏற்றும் வழக்கமும் அக்காலத்ததே. கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தின் கதை இதற்குச் சான்று. அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரக் குழு 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இவ்வியக்கத்தைத் தொடங்கியது. கொக்கிப்புழு மலத்தோடு மண்ணிற் சேர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்பினுள் நுழைவது. குருதியை உறிஞ்சி மனிதனைச் சோகை பிடித்தவனாக்குவது. மருந்து கொடுத்தால் புழு வெளியேறும். மலசலகூடம் இல்லாவிடின் மீண்டும் நுழையும். இஃது இயக்கத்தை நடத்தியோர்க்கும் தோட்டத் துரைமார்க்கும் நன்கு தெரிந்த உண்மை. மருந்தூட்டத் துரைமார் இசைந்தனர். சோகை நீங்கிய தொழிலாளி கூடுதலாக உழைப்பானல்லவா? மலசலகூடம் கட்டவோ அவர்களிற் பலர் பின்னின்றனர். அதற்குப் பணம் வேண்டும். மருந்துண்ட தொழிலாளி மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்தான், மீண்டும் நோயுற்றான். 'இவர்கள் மலசலகூடத்தைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள்' என்று துரை கூறினான். இல்லாத மலசலகூடத்தை எங்ஙனம் பயன்படுத்துவதென்று கேட்க அக்காலத்தில் ஆளில்லை. இக்காலத்தில் போசணை ஆலோசனைக் கூட்டங்களும் கைகழுவும் விழாக்களும் நடத்தப்படும் முறையைக் கவனிப்போர்க்கு இக்கதை பழங்கதையாகத் தோன்றாது. கைகழுவக் கற்பிக்கின்றனர், கழுவுவதற்குரிய தூய நீர் எங்கிருந்து வருமென்பதைப் பற்றி மௌனம் சாதிக்கின்றனர்.

சட்டத்தின் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். குடியேற்றவாட்சி அரசு 1872இலேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவ உதவிக்கெனச் சட்டமியற்றியது. 1912இல் தொழிலாளர் நோய்கள் பற்றிய சட்டமும் மருத்துவத் தேவைகள் சட்டமும் வந்தன. லயங்களைச் சுகாதார நிலையில் வைத்திருத்தல் துரையின் கடமையாக்கப்பட்டது. இவை மனிதாபிமானத்தின் விளைவு என்பார் சிலர். கப்பலில் ஆள் கொண்டுவருவது செலவு. ஆள் செத்தால் அச்செலவு நட்டம் என்பதே இவற்றின் அடிப்படை. ஆயினும், இச்சட்டங்களின் உண்மையான கேடு அவற்றின் நோக்கத்திலன்றி அவற்றின் அமைப்பிலேயே இருந்தது. தொழிலாளியின் உடல்நலத்துக்குப் பொறுப்பானவன் அவனது முதலாளி என்று அவை வகுத்தன. ஏனைய இலங்கையர் யாவர்க்கும் சுகாதாரம் அரசின் பொறுப்பாக மாறிய பின்னரும் தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் அது முதலாளியின் தயவாகவே நீடித்தது. கிராமத்தவன் நோயுற்றால் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்வான். தோட்டத்தவன் நோயுற்றால் தோட்ட டிஸ்பென்சரிக்குச் செல்வான். அங்கிருப்பவர் பட்டம் பெற்ற வைத்தியரல்லர். தோட்டத்தின் சம்பளப் பட்டியலில் உள்ள வைத்திய உதவியாளர். நோயாளிக்கு ஓய்வு வேண்டுமென்று எழுதுபவரும், ஓய்வெடுத்தால் பேர் குறையும் தோட்டத்திடம் சம்பளம் பெறுபவரும் ஒருவரே. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கிற்று. அஃது இன்னும் முற்றுப்பெறவில்லை.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை, யாவரும் அறிந்ததே. வாக்கில்லாதவனுக்குக் கிணறு வெட்டிக் கொடுக்க எந்த அரசியல்வாதியும் ஓடிவரான். ஒன்றை மட்டும் தமிழ்ச் சங்கமொன்றின் ஏட்டிலே குறிப்பிடாது விடுதல் நேர்மையாகாது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் நிறைவேறியபோது வடபுலத் தமிழ்த் தலைமையின் ஒரு பகுதி அமைச்சரவையிலே அமர்ந்திருந்தது. வாக்கிழந்த மக்களின் பிள்ளைகள் 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் நாட்டின் வேறெப்பகுதியினரிலும் கூடுதலாக மடிந்தனர். பங்கீட்டு மாவும் அரிசியும் குறைந்தபோது கிராமத்தவனுக்குக் கொல்லையில் ஒரு பலாமரமேனும் இருந்தது. தோட்டத்தவனுக்குக் கொல்லையே இருக்கவில்லை. நிலமின்மை ஒரு நோய்க்காரணி என்பதை அவ்வாண்டுகளின் இறப்புப் பதிவேடுகள் காட்டின.

பிரசாவுரிமைப் பிரச்சினை 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் ஒருவாறு தீர்ந்தது. ஆயினும், ஒரு விந்தை நிகழ்ந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளின் வசதிகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத்தவர் சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகவும் வரலாம். ஆனால், தமது லயத்தின் கானைச் சீர்செய்யவோ பாதையைச் செப்பனிடவோ அந்தச் சபையின் பணத்தை எடுக்கலாகாது. தோட்டம் தனியார் நிலம் என்பதே காரணம். இப்பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்! அந்த ஆண்டுகளிலே லயத்திற் பிறந்து வளர்ச்சி குன்றியவர் இன்று தாய்மாராகித் தாமும் நிறை குறைந்த பிள்ளைகளைப் பெறுகின்றனர். 'பரம்பரை' என்று வைத்திய நூல்கள் கூறுவதில் ஒரு பகுதி சட்டப் புத்தகத்தின் பரம்பரை என்க.

இந்தப் பின்னணியிலே கொஸ்லந்தை மீரியபெத்தையை நோக்குவோம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்றிருந்த வேளை, மலை இறங்கி லயங்களை மூடியது. எத்தனை பேர் புதையுண்டனர் என்பதிலேயே முதல் நாட்களிற் கணக்குத் தடுமாறிற்று. முந்நூறு என்றனர், இருநூறுக்குச் சற்றுக் குறைவு என்றனர், நூறு என்றனர். இத்தடுமாற்றத்தை மீட்புப் பணியின் குழப்பமாக மட்டும் கொள்வது தவறு. ஒரு கொழுந்து நிறுவைக்கும் கணக்குள்ள தோட்டத்தில், ஒவ்வொரு நாட்பேருக்கும் செக்ரோலில் பதிவுள்ள தோட்டத்தில், அங்கே வாழும் மனிதர் எத்தனை பேர் என்று உடனடியாகக் கூற எவராலும் இயலவில்லை. பல உடல்கள் மீட்கப்படாமலே தேடுதல் நிறுத்தப்பட்டது.

அதனிலும் முக்கியமானது வேறொன்று. அந்த இடம் அபாயமானது என்று 2005இலும் பின்னர் 2011இலும் எச்சரிக்கை செய்யப்பட்டிருந்ததாக அதிகாரிகளே கூறினர். "எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை" என்ற குரல் மறுநாளே கேட்கத் தொடங்கிற்று. மீண்டும் பழக்கவழக்கம்! போகுமாறு கூறப்பட்டவர்கள் எங்கே போவது? லயம் அவர்களுடையதன்று. லயம் நிற்கும் நிலமும் அவர்களுடையதன்று. 1970களின் நிலச்சீர்திருத்தத்தின் பின்னர் நிலம் அரசினுடையது. 1992 முதல் கம்பனிகள் குத்தகைக்கு நிருவகிப்பது. கம்பனியைக் கேட்டால், வீடமைப்பு நலன்புரி நிதியத்தின் வேலை என்னும். நிதியத்தைக் கேட்டால், நிலத்தைக் கம்பனி விடுவிக்க வேண்டும் என்னும். பிரதேச சபையைக் கேட்டால், 33ஆம் பிரிவைக் காட்டும். அமைச்சைக் கேட்டால், அடுத்த வரவுசெலவுத் திட்டத்தைக் காட்டும். இந்நான்கு வாசல்களிலும் தட்டிவிட்டுத் திரும்பியவன் மறுநாட் காலை பெரட்டுக்குப் போயாக வேண்டும், போகாவிடின் பேரில்லை, பேரில்லாவிடின் அடுப்பெரியாது. நகர்ந்து செல்லும் ஆற்றல் அற்றவனுக்கு விடுக்கப்படும் எச்சரிக்கை அவனைக் காப்பதில்லை. எச்சரித்தவனைத்தான் காக்கின்றது.

மண்சரிவு இனம் பார்ப்பதில்லை என்ற மறுப்பு இங்கே எழலாம். உண்மைதான். 2016 மே மாதம் அரநாயக்கவிலே மலை சரிந்தபோது மடிந்தோர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர். அவர்களது துயர் எவரது துயரினும் குறைந்ததன்று. ஆனால், அனர்த்தத்தின் மறுநாள் இரு சாராரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நிலமிழந்த கிராமத்தவன் தன் நிலத்துக்கு ஈடு கேட்கலாம். அவனிடம் உறுதியோ அனுமதிப்பத்திரமோ உண்டு. தோட்டத்தவன் எதனை இழந்தான் என்று எழுதுவதற்கு விண்ணப்பப் படிவத்தில் இடமேயில்லை. அவன் இழந்த வீடு கம்பனியின் சொத்து. மீரியபெத்தை மக்கள் இடைத்தங்கல் முகாமிலே இரண்டாண்டுகள் காத்திருந்து, 2016 ஒக்டோபரிலே பூணாகலைப் பகுதியில் 75 வீடுகளைப் பெற்றனர். அதுவும் நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் பயன். கண்டனம் எழாத மலைகளில் வாழ்வோரைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

சரிவுக்கான காரணங்களுள்ளும் மனிதக் காரணம் உண்டு. பழைய தோட்ட முறையில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி மழைநீரை ஓடைக்குத் திருப்புவர். ஆண்டுதோறும் அதனைத் துப்புரவு செய்வர். கான் வெட்டு ஒரு தனி வேலை. ஆட்குறைப்பே இலாபமென்று கண்ட நிருவாகங்கள் முதலிற் கைவிட்டவற்றுள் அதுவும் ஒன்று. கானில் மண் நிரம்பினால் நீர் ஓடாது. ஓடாத நீர் மலைக்குள் இறங்கும். இறங்கிய நீர் மண்ணின் பிடியைத் தளர்த்தும். கைவிடப்பட்ட தேயிலை நிலங்களில் இது மிகுதி. கொழுந்தின் விலையிலே சேராத வேலையாதலால் கணக்கில் அது வீண்செலவு. அதன் உண்மையான விலையைச் செலுத்துவோர் கீழேயுள்ள லயத்தவர்.

களைகொல்லியின் கதையையும் இங்கே குறிப்பிடலாம். ரஜரட்டையின் விவசாயிகளிடையே பரவிய காரணமறியாச் சிறுநீரக நோயை முன்னிட்டு 2015இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டது. நோய்க்கும் அந்நஞ்சுக்கும் உள்ள தொடர்பு விஞ்ஞானிகளிடையே ஒரு முடிவுக்கு வராத விடயம். தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். நோக்கற்பாலது யாதெனில், 2018இல் அத்தடை தளர்த்தப்பட்டபோது தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டுமே தளர்த்தப்பட்டமையாகும். நெல் விளைவிப்போனுக்கு ஆபத்தானது என்று அரசே கருதிய ஒரு பொருள், தேயிலை மலையில் முதுகிற் கலன் சுமந்து தெளிப்பவனுக்கு ஆபத்தற்றதாகிவிட்டதா? அல்லது அவனது ஆபத்து கணக்கில் வராததா? தோட்டத் தொழிலாளியின் சிறுநீரகம் பற்றி அப்போது பாராளுமன்றத்திலே பேசப்பட்டதைக் காட்டிலும் ஏற்றுமதி வருமானம் பற்றிப் பேசப்பட்டதே அதிகம். தடை 2022இல் முற்றாகவே நீக்கப்பட்டது.

மலையகம் நாட்டுக்குக் கொடுப்பது தேயிலை மட்டுமன்று. மகாவலியும் களனியும் அம்மலைகளிலேதான் ஊற்றெடுக்கின்றன. மவுசாக்கலையின் நீரடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கின்றது. தலவாக்கலையிலே மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபோது அங்கே வாழ்ந்த குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சென் கிளயார் நீர்வீழ்ச்சி மெலிந்தது. கொழும்பின் விளக்கு எரிவதற்கும் அனுராதபுரத்து வயல் விளைவதற்கும் நீரைக் கொடுக்கும் மலையிலே, ஒரு குடம் தூயநீருக்காகப் பெண்கள் பீலியடியில் வரிசையில் நிற்கின்றனர். நன்மை கீழ்நோக்கிப் பாய்கின்றது. கேடு மேலேயே தங்கிவிடுகின்றது.

தொழிற்சங்கத் தலைமைகள் இவ்விடயத்திற் செய்ததென்ன என்று கேட்டல் தகும். சம்பளத்துக்காக அவை போராடியுள்ளன; அது வேண்டியதே. ஆனால், சம்பளம் ஒப்பந்தத்திலே எழுதப்படும், நிலம் எழுதப்படாது என்ற நிலையை அவை நெடுங்காலம் ஏற்றுக்கொண்டிருந்தன. லயத்துக்குத் தகரமும் சுண்ணாம்பும் வழங்கும் விழாக்களில் மாலை ஏற்றுக்கொண்ட கழுத்துக்கள் பல. கூரைத் தகரத்தைக் கொடுப்பவன் கொடையாளி. நிலவுறுதியைக் கொடுத்தாலோ பெறுபவன் கொடையாளியை மறந்துவிடக்கூடும் என்ற அச்சம் இதிற் கலந்திருக்கவில்லையா?

பல்கலைக்கழகத்தவரும் இவ்விசாரணைக்குத் தப்புதல் இயலாது. பேராதனை வளாகத்தின் பெரும்பகுதி ஒருகாலத்தில் தேயிலைத் தோட்டமாயிருந்த நிலமே. அதன் மரநிழலில் அமர்ந்து புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யையும் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யையும் சி.வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்களையும் ஆய்வோர் பலர். மலையக இலக்கியத்தில் சோகச்சுவை என்று கட்டுரை வரைந்தோரும் உளர். அவர்களுள் எத்தனை பேர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வலயப் படமொன்றை விரித்து, எந்த லயம் எந்த வலயத்துள் வீழ்கின்றது என்று பார்த்துள்ளனர்? புவியியற் பிரிவு மலையை அளக்கின்றது. மருத்துவ பீடம் குழந்தையை நிறுக்கின்றது. தமிழ்த்துறை கண்ணீரை ஆராய்கின்றது. மூன்றும் ஒரே லயத்தைப் பற்றியவை என்ற உணர்வு எத்துறையிலும் அரிது.

சூழலியலாளர் சிலர் முன்வைக்கும் தீர்வு ஒன்றுண்டு. மலைச்சரிவுகளை மீண்டும் காடாக்க வேண்டும். மக்களைக் கீழே இறக்க வேண்டும் என்பது அது. காடு வேண்டுமென்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால், இறக்கப்படுவோர் எங்கே, எந்த உரிமையுடன் அமர்த்தப்படுவர் என்பதற்கு விடையில்லாத காடாக்கம் இன்னொரு வெளியேற்றமேயாகும். 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி மலையை விட்டிறங்கி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றோரிற் பலர் அங்கும் பிறர் வயலிற் கூலிகளாயினர். அங்கே அவர்களைச் சுரண்டியோர் தமிழர். இடம் மாறினால் மட்டும் நிலை மாறாது என்பதற்கு அவர்களது வாழ்வு சான்று.

தோட்டக் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ் நிலமும் தனிவீடும் என்ற திட்டம் 2015இன் பின்னர் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசு முதலில் 4000 வீடுகளையும், 2017இல் மேலும் 10,000 வீடுகளையும் அறிவித்தது. லயத்திலிருந்து தனிவீட்டுக்குச் செல்வது சிறு மாற்றமன்று. அதனை இகழ்வது பொறுப்பற்ற செயல். ஆயினும், லயங்களில் வாழும் குடும்பங்களின் தொகைக்கு முன்னே இவ்வெண்ணிக்கை சிறிது. கட்டி முடிக்கப்படும் வேகம் அதனினும் சிறிது. அன்றியும், எந்த நிலம் கொடுக்கப்படுகின்றது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. நல்ல தேயிலை நிலத்தை விடுவிக்க மனமில்லாத கம்பனி, விளைச்சல் கெட்ட சரிவையே விடுவிக்கும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் லயத்துக்கு இடங்குறித்த அதே கணக்கு இன்று வீட்டுக்கும் இடங்குறிக்குமாயின் சுவர் மட்டுமே புதிது.

2025 நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளி வந்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மடிந்தனர். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களின் மலைகள் பல இடங்களிற் சரிந்தன. இம்முறையும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. இம்முறையும் 'இயற்கை அனர்த்தம்' என்றனர். இம்முறையும் பாடசாலைகளிலும் கோவில்களிலும் தங்கியிருந்தோரிடம் வீட்டுறுதி உண்டா என்று கேட்கப்படும் நாள் வரவே செய்யும். அந்நாளில் மலையக மக்கள் கேட்கவேண்டியவை தெளிவானவை. மண்சரிவு வலயப் படங்கள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தமிழிலே வெளியிடப்படல் வேண்டும். அபாய வலயத்துள் வீழும் ஒவ்வொரு லயத்துக்கும் மாற்றாக, அதே தோட்டத்தின் விளைநிலத்திலிருந்தே பாதுகாப்பான பகுதி விடுவிக்கப்பட்டு, தெளிவான உறுதியுடன், குடும்பத்தலைவிக்கும் சேர்த்து எழுதப்படல் வேண்டும். எஞ்சியுள்ள தோட்ட வைத்தியசாலைகள் அனைத்தும் சுகாதார அமைச்சின் கீழ் வருதல் வேண்டும். குடிநீர் ஊற்றுக்களுக்கு மேலே களைகொல்லி தெளித்தல் தடுக்கப்படல் வேண்டும். 2018இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி பிரதேச சபைகள் ஆண்டுதோறும் தோட்டங்களிற் செலவிட்ட தொகை எவ்வளவு என்பதை ஒவ்வொரு சபையும் மக்கள் முன் வைத்தல் வேண்டும். குத்தகையின் நிபந்தனைகளைத் திருத்தும் அதிகாரம் அரசிடம் உண்டு, நிலம் அரசினுடையது. கம்பனி மறுக்கின்றது என்ற சாட்டு இனிச் செல்லாது.